திங்கட்கிழமை கோழி எண்ண வருகிறார்கள்

1

நாங்கள் நியூசிலாந்தில் வந்து இறங்கிய நாளை என் மனைவி கலைச்செல்வி ஒவ்வொரு வருடமும் கொண்டாடுவாள். கொண்டாட்டம் என்பது பெரிய வார்த்தை. சேமியா பாயசம், ஆளுக்கு நாலு வடை, “இன்னும் எத்தினி வருஷம் இங்க?” என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இன்னொரு வடையை எடுத்துக்கொள்வேன். இப்படியே பதினாறு வருடத்தை வடையால் ஓட்டியாயிற்று. பதினேழாவது வருடப் பாயசம் அடுப்பில் இருந்தபோது தபால்பெட்டியில் நகராட்சிக் கடிதம் வந்து விழுந்தது.

இந்த ஊர் நகராட்சிக் கடிதத்துக்கு ஒரு குணம் உண்டு. முதல் பத்தியில் நம்மை நினைத்து மிகவும் சந்தோஷப்படுவார்கள். இரண்டாவது பத்தியில் நன்றி சொல்வார்கள். மூன்றாவது பத்தியில் கழுத்தைப் பிடிப்பார்கள். எனக்கு வந்ததும் அப்படித்தான். வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்க்கும் என் ஆர்வத்தை அவர்கள் மதிக்கிறார்களாம். நன்றியாம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஆறு பெட்டைக்கோழிக்கு மேல் கூடாதாம், சேவல் அறவே கூடாதாம். என் வீட்டில் கூடுதலாக இருப்பதாகத் தகவல் வந்திருப்பதால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலர் வந்து எண்ணிப் பார்ப்பாராம்.

என்னிடம் இருப்பவை பதினான்கு.

எட்டை யாருக்காவது கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் கேட்பீர்கள். பால்பவுடர் ஆலையில் என்னோடு வேலை செய்யும் கிரெய்க்கும் அதையேதான் கேட்டார். அவருக்குப் பண்ணை இருக்கிறது, கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சிக்கல் என்னவென்றால், அந்தப் பதினான்கில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் முனீஸ்வரனுடையவை. பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில், எங்கள் ஊர் ஏரிக்கரையில், அரிவாளும் மீசையுமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவருடையவை. நான் வெறும் மேய்ப்பன்.

அந்தப் பதினான்கில் ஏழு, கலைச்செல்வியின் உயிருக்காக விட்டவை. போன வருடக் கடைசியில் அவளுக்கு மார்பில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். எல்லாம் போய்விட்டதா, எங்காவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க இப்போது ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை.

திங்கட்கிழமை கோழியைக் குறைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஸ்கேன் முடிவு. இந்த வரிசையில் போட்டவன் மட்டும் கையில் கிடைத்தால்!

2

சாமிக்குக் கோழி விடுவது பற்றி நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனாலும் உங்கள் பிள்ளைகள் பெங்களூரில் வளர்ந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஒரு கவலை வந்தால் ஒரு கோழியைப் பிடித்து, சாமி பேரைச் சொல்லி, “இது உனக்கு, என் காரியத்தை முடிச்சிக் குடு” என்று விட்டுவிடுவது. அதன் பிறகு அந்தக் கோழியை விற்கக் கூடாது, தின்னக் கூடாது, பிறத்தியாருக்குக் கொடுக்கவும் கூடாது. காரியம் முடிந்ததும் கோயிலில் பூசாரியிடம் ஒப்படைக்க வேண்டும், அங்கே அறுப்பார்கள். அதற்குள் கோழி செத்துப்போனால் அதன் பேரில் இன்னொன்று.

எங்கள் அம்மா இதில் கைதேர்ந்தவள். நான் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்தேன். படித்தேன் என்பதைவிட, ரயிலில் போய்விட்டு ரயிலில் வந்தேன் என்பது பொருத்தம். நான் பாஸாக வேண்டும் என்று அம்மா ஒரு செவலைச் சேவலின் காலில் மஞ்சள் துணியைக் கட்டி விட்டாள். நான் கணக்கில் பெயிலானேன். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை கணக்கோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சேவல் கொழுத்துக்கொண்டே போயிற்று. சாமி சேவல் என்பதால் யாரும் ஒரு கல்லெடுத்துப் போட முடியாது. அது நேரே பக்கத்து வீட்டுத் தனக்கோட்டி அக்கா காயப்போட்ட மல்லாட்டையில் போய் நின்று, காலால் வாரி, ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கும்.

“டேய் சேகரு,” என்று அக்கா ஒருநாள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினாள். “நீ எப்பத்தான்டா பாஸாவ? உன் சேவலு என் மல்லாட்டைய பாதி காலி பண்ணிடுச்சி. பிட்டடிச்சாவது எய்தித் தொலைடா, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

ஊர் அந்தச் சேவலுக்கு ‘அரியர்’ என்று பேர் வைத்தது. “அரியர் ஏரிக்கரைல மேயுது”, “அரியர் இன்னிக்கி என் புள்ளய கொத்திடுச்சி” என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். நாலு வருடம் கழித்து நான் தேறினேன். அன்று என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் தனக்கோட்டி அக்காதான். கோயிலுக்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும் அவளே.

இதை நான் நகைச்சுவைக்காக இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆலையில் கிரெய்க்கிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அம்மாவின் பயம் அத்தனையும் அப்படியே என் உடம்பில் இறங்கியிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்தது.

3

இங்கே முதல் கோழி விட்டது எட்டு வருடத்துக்கு முன்பு. என் மகள் இனியாவுக்கு அப்போது பதினோரு வயது. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில் நின்று மனசுக்குள் முனீஸ்வரனோடு பேரம் பேசினேன். “சாமி, இந்த ஊர்ல சேவலுக்குத் தடை. கூவினா பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் போடுவான். பெட்டையா ஏத்துக்க. வேணும்னா ஒண்ணுக்கு ரெண்டா தர்றேன்.” அவர் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஆபீசிலும் பதில் வராவிட்டால் அனுமதி என்று எடுத்துக்கொள்கிற பயல் நான். இனியா பிழைத்தாள். அது வெறும் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். பழுப்பு நிறப் பெட்டைகள் இரண்டு வாங்கினேன்.

ஊரில் இருக்கும் தங்கை வசந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். “செரிண்ணா” என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு கோழிக்கும் அவளுக்கு ஒரு போன். குடியுரிமைக்கு இரண்டு. வீட்டுக் கடனுக்கு ஒன்று. இனியா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஒன்று. “செரிண்ணா, செரிண்ணா.”

காரியங்கள் நடந்துகொண்டே இருந்தன. கோழிகளை ஒப்படைக்க மட்டும் வழியில்லை. இந்த நாட்டு விமான நிலையத்தில் ஒரு ஊறுகாய் பாட்டிலுக்கே மூன்று பேர் கூடி நின்று விசாரிப்பார்கள். உயிரோடு ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது திண்டிவனம் வரைக்கும், ஜன்னலோர சீட்டு” என்று நான் எந்த வரிசையில் போய் நிற்பது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கவலை வந்தால் கோழி என்பது சீக்கிரமே தலைகீழாகிவிட்டது. தீவனக் கடைக்குப் போவேன். வசந்த காலத்தில் வாசலிலேயே அட்டைப் பெட்டியில் இளங்கோழிகளை வைத்திருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கழுத்தை நீட்டி நம்மையே பார்க்கும். உள்ளங்கை அரிக்க ஆரம்பிக்கும். உடனே எனக்கு இப்போது என்ன கவலை என்று யோசிப்பேன். ஒன்றும் அகப்படாது. மூட்டைத் தீவனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று மண்டையைக் குடைவேன். இடது முழங்கால் வலிக்கிறதே? இனியா மூன்று நாளாகப் போன் பண்ணவில்லையே? பல தடவை வெறுங்கையோடு காருக்கு ஓடி வந்து கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், யாரோ துரத்துகிற மாதிரி.

அப்பாவுக்கு விட்டது ஒரே ஒரு கோழி. விமானங்கள் எல்லாம் நின்றிருந்த வருடம். அவர் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வசந்தி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகமூடிக்கு உள்ளிருந்து அவர் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, நான் “ஆமாம்ப்பா” என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார். அவருடைய இறுதிக் காரியத்தை ஆலை கேன்டீனில், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

அந்தக் கோழி அன்றைக்கும் முட்டையிட்டது. மறுநாளும் இட்டது. இன்றுவரை, மழையோ குளிரோ, அநேகமாகத் தினமும் இட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முட்டையை என்னால் தின்ன முடியவில்லை. கலைச்செல்வி தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போய்விடுவாள். பலிக்காத வேண்டுதலின் கோழியை என்ன செய்வது என்று எங்கள் ஊரில் விதி ஏதும் இல்லை. எனவே அதுவும் இருக்கிறது. ஆக ஏழு.

4

மீதி ஏழையும் ஒரே மூச்சில் விட்டேன். ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில், டிக்கெட் மெஷினுக்கு முன்னால். உள்ளே டாக்டர் சொன்ன சொல் காதிலேயே நிற்க, மெஷின் என்னைப் பார்த்து ‘எத்தனை மணி நேரம்?’ என்று கேட்டது. “ஏழு” என்றேன். மெஷினிடம் இல்லை, முனீஸ்வரனிடம். ஆறு என்றால் நகராட்சிச் சட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறான் என்று நினைப்பார். பத்து என்றால் பீற்றிக்கொள்கிறான் என்று நினைப்பார். ஏழு என்றால் பயந்துவிட்டான் என்று தெரியும்.

இதைக் கலைச்செல்வியிடம் சொல்லவில்லை. “நல்லா முட்டை வுடும்னாங்க, வாங்கியாந்தேன்” என்றேன். மருந்து ஏறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் முட்டை வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “உங்களுக்கு நேரங்காலமே தெரியாதுங்க” என்பாள். ஏழும் ஒன்றாக முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கும். அவள் இரண்டு காதையும் தலையணையால் பொத்திக்கொள்வாள். அவள் உயிருக்காக விட்டவைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஊருக்கும் சொல்லவில்லை. அது அவள் போட்ட கட்டளை. “உங்க தங்கச்சிகிட்ட சொன்னா போன்லயே ஒப்பாரி வெக்கும். அதக் கேக்க எனுக்குத் தெம்பில்ல.” வீடியோவில் பேசும்போது கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொள்வாள். “இன்னா அண்ணி, எப்பப் பாத்தாலும் குல்லா?” என்று வசந்தி கேட்டால், “இங்க குளுரு தாங்கல” என்பாள். கோடையிலும் அதே பதில்.

கடிதம் வந்த மறுநாள் நகராட்சிக்குப் போன் செய்தேன். ஒரு அம்மாள் எடுத்தார். என் ஆங்கிலம் ஆலையில் தேறிவிடும், போனில் மட்டும் இங்கே வந்து இறங்கிய அன்றைய நிலைக்கே போய்விடும்.

“கூடுதல் கோழிகள் உங்களுடையவையா?”

“இல்லை. கடவுளுடையவை.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. “அவர் அந்த முகவரியில் வசிக்கிறாரா?”

“இல்லை. இந்தியாவில்.”

“அப்படியானால் உரிமையாளரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்.”

“அவர் எழுதுவதில்லை, மேடம்.”

“மின்னஞ்சல் போதும்” என்றார், மிகுந்த பரிவோடு.

விதிவிலக்குக் கேட்க ஒரு விண்ணப்பம் அனுப்பினார். கூடுதல் பறவைகள் வைத்திருப்பதற்கான காரணம், ஐம்பது சொற்களுக்கு மிகாமல். நான் ‘என் மனைவி’ என்று எழுதினேன். நாற்பத்தெட்டுச் சொற்கள் மீதி இருந்தன. அரைமணி நேரம் அந்த இரண்டு சொற்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு காகிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இனியா வந்தாள். வேறு ஊரில் படிக்கிறாள், அம்மாவின் முடிவு வரும்போது கூட இருக்க வேண்டும் என்று பஸ் பிடித்து வந்திருந்தாள். இரண்டு வருடமாகக் கறி, முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. அவளுடைய தமிழில் மரியாதை எல்லாம் இடம் மாறிப்போயிருக்கும். என்னை ‘நீ’ என்பாள், கோழிகளை ‘அவங்க’ என்பாள்.

மறுநாள் அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

“அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியாகணும்னு அவங்களைக் கொல்றேன்னு ப்ராமிஸ் பண்ணியா?”

“கொல்லலம்மா. எட்டு வருஷமா ஒண்ணகூடக் கொல்லல. எல்லாத்துக்கும் சோறு போட்டுக்கினுதான இருக்கேன்?”

“அவங்ககிட்ட கன்சென்ட் கேட்டியா?”

“கோழிகிட்டயா?”

“அம்மாகிட்டயாவது?”

இந்தப் பெண்ணுக்காக மூன்று கோழி விட்டவன் நான். எழுந்து சமையலறைக்குப் போனேன்.

5

கலைச்செல்வி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பகல். தொப்பி இல்லாமல் இருந்தாள், தலையில் விரற்கடை உயரத்துக்கு நரைத்த முடி வந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், ஏழு, திங்கட்கிழமை, எல்லாம். அவள் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, என் உசுருக்கு ஏழு பெட்டைக்கோழியா?”

“ஆமாம்.”

“ஒரு கெடா வெக்கணும்னு தோணலியா? அவ்ளோகூடத் தேறலியா நானு?”

“ஆட்டுக்கு இங்க வேற டிபார்ட்மென்ட்டு, கலை.”

சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் வெங்காயத்தைப் பார்த்தபடியே இருந்தாள். “எனுக்கும் பயமாத்தாங்க இருக்குது” என்றாள். “நீங்க மட்டும் கோழி கோழியா வுட்டுக்கினு ஓடுறீங்க. நான் எங்க ஓடுறது?”

பதினேழு வருடத்தில் அவள் கேட்டவற்றில் பாதிக்கு நான் வடை தின்றிருக்கிறேன். இதற்கு என் கையில் வடையும் இல்லை.

அவளேதான் சொன்னாள். “வசந்திக்குப் போன் போடுங்க. பூசாரி மாமாகிட்டயே கேட்டுடலாம்.” இங்கே மதியம், அங்கே காலை ஏழரை. வசந்தி போனை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏரிக்கரைக்கே போய்விட்டாள். பூசாரி மாமா அப்போதுதான் மொபெட்டை நிறுத்தி, பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முனீஸ்வரனின் ஒரு முழங்காலும் அரிவாள் நுனியும் மட்டும் தெரிந்தன. இங்கே தோட்டத்தில் இனியா போனைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு பெட்டை இருக்கிற கதையைச் சொன்னேன்.

“பெட்டையா?” என்றார் பூசாரி மாமா. “ஏம்ப்பா சேகரு, முனீஸ்வரனுக்குப் பெட்டைய எவன்ப்பா வுடுவான்? எட்டு வருஷமா இதத்தான் பண்ணிக்கினு இருந்தியா?”

“இங்க சேவலுக்குப் பர்மிஷன் இல்ல மாமா.”

“இவருகிட்ட பர்மிஷன் வாங்கினியா?”

எட்டு வருட வேண்டுதலும் செல்லாது. இனியாவின் காய்ச்சல், வீடு, எல்லாம் திரும்ப வந்து கேட்கப்போகிறது என்று ஒரே நொடியில் மனம் வரிசை போட்டுவிட்டது. வசந்தி குறுக்கே வந்தாள்.

“ண்ணா, நீ பேஜாராவாத. நீ போன் போட்டுச் சொல்லச் சொல்ல நான் இங்க சேவல வுட்டு, காரியம் முடிஞ்சதும் அறுத்துட்டேன். பாப்பாவுக்கு, சிட்டிசனுக்கு, வூட்டுக்கு, காருக்கு, எல்லாத்துக்கும். பின்ன உன் பெட்டைய நம்பிக்கினு உக்காந்திருப்பனா?”

“ஏன்டீ என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ கோழி வளக்கறத வுட்டுடுவ. அங்க உனுக்கு வேற இன்னா இருக்குது?”

இனியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேலியைப் பார்த்தேன்.

அப்பாவின் கோழியைப் பற்றிக் கேட்டேன். “அதுக்குக் கடன் ஒண்ணும் இல்லப்பா,” என்றார் பூசாரி மாமா, குரலைத் தாழ்த்தி. “சாமி குடுக்கல, நீ தரவேணாம்.” ஆக ஏழு கோழிகள் அந்த நிமிடத்தில் விடுதலை. கிரெய்க் வந்து பெட்டியில் எடுத்துப் போகலாம். பதினான்கில் ஏழு போனால் ஏழு. நகராட்சி கேட்பது ஆறு. இன்னும் ஒன்றே ஒன்றுதான் போக வேண்டும்.

“மீதி ஏழு யாருக்குண்ணா?” என்றாள் வசந்தி. “அத நீ சொல்லவே இல்லியே.”

நான் வாயைத் திறப்பதற்குள் கலைச்செல்வி இனியாவின் கையைப் பிடித்துப் போனைத் தன் பக்கம் திருப்பினாள். வெளியே வரும்போது போட்டிருந்த தொப்பியைக் கழற்றினாள். “எனுக்குதான் வசந்தி” என்றாள்.

வசந்தி ஒப்பாரி வைக்கவில்லை. திரையில் அவள் முகம் மிக அருகில் வந்து, ஒரு கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தது. “எப்பத்துல இருந்து அண்ணி?” என்றாள். “தீவாளிக்கு முன்ன இருந்து.” “நான் அந்தத் தீவாளிக்கு உங்ககிட்ட பொடவ கலரு புடிக்கலன்னு சண்ட போட்டேனே.” “ஆமாம். அது நல்லாத்தான் இருந்துச்சி. எல்லாரும் பாவமாப் பாத்துக்கினு இருந்தப்ப நீ ஒருத்திதான் சண்ட போட்ட.”

பூசாரி மாமாதான் கடைசியில் தொண்டையைச் செருமினார். காரியம் முடியாத வேண்டுதல், முடிவு செவ்வாய்க்கிழமைதான். அதற்குள் ஏழில் ஒன்றை வெளியே கொடுப்பதென்றால் சாமியைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார். கேட்கிற முறை எனக்குத் தெரியும். கோயிலில் அறுப்பதற்கு முன்னால் செய்வதுதான். கோழியின் தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டால் சாமி சம்மதித்துவிட்டார். சிலிர்க்காவிட்டால் இல்லை. மூன்று தடவை கேட்கலாம்.

“வெயிட்,” என்றாள் இனியா. “கோழிகிட்ட கன்சென்ட் கேக்கறாங்களா? அத்தை, தட்ஸ் அமேசிங்.” என் ஊரில் ஒரு விஷயத்தை அவள் மெச்சியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏழில் சிறியதாக இருந்த ஒன்றைப் பிடித்துத் தோட்டத்து மேசைமேல் நிறுத்தினேன். செம்பில் குழாய்த் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள். ஜூலை மாதம், இங்கே கடுங்குளிர். பல் கிட்டியது. “சாமி, உத்தரவு குடு” என்று தெளித்தேன்.

கோழி நின்றது. தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. இந்த ஊர்க் கோழி. தினம் மழையில் மேய்வது. நாலு சொட்டுத் தண்ணீர் அதற்கு ஒரு விஷயமா?

இரண்டாவது தடவை கொஞ்சம் தாராளமாகத் தெளித்தேன். தண்ணீர் கொண்டையில் இறங்கி அலகு நுனியில் நின்றது. அசையவில்லை.

“இன்னாண்ணா, வீடியோ நின்னுடுச்சா?” என்றாள் வசந்தி. “கோழி ஆடாம நிக்குது.”

“வீடியோ நல்லாத்தான் ஓடுது. கோழிதான் நிக்குது.”

மூன்றாவது தடவையும் தெளித்தேன். மூன்று பேரும் கோழியையே பார்த்தோம், ஏரிக்கரையில் இரண்டு பேர் பார்த்தார்கள். கோழி ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கத் தயாராயிற்று.

“மாமா, உத்தரவு இல்லன்னா இன்னா அர்த்தம்?” என்றேன். பூசாரி மாமா தரையைப் பார்த்தார். எங்கள் ஊர் ஆட்கள் தரையைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். விழுப்புரம் ஆஸ்பத்திரியிலும் டாக்டர் அப்படித்தான் பார்த்தார் என்று வசந்தி சொல்லியிருக்கிறாள். இன்னும் ஏழு, இன்னும் பத்து, கெடா, கெடாவே விடுகிறேன் என்று உள்ளே யாரோ ஓடிக்கொண்டிருந்தான்.

கலைச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாள். என் கையிலிருந்து செம்பை வாங்கினாள். மீதி இருந்த தண்ணீர் முழுவதையும் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

மஞ்சள் தண்ணீர் அந்தக் கட்டை முடி வழியாகக் கழுத்தில் இறங்கி ஸ்வெட்டருக்குள் போயிற்று. அவள் உடம்பு உச்சியிலிருந்து முழங்கால்வரை ஒரு தடவை சிலிர்த்துக் குலுங்கியது. “பாத்துக்கினீங்களா மாமா?” என்றாள் பல் அடித்துக்கொள்ள. “சிலுத்துக்கிச்சா?”

பூசாரி மாமாவின் குரல் உடைந்து வந்தது. “சிலுத்துக்கிச்சிம்மா. உத்தரவு ஆயிடுச்சி. தலைய தொவட்டு, ஜல்தி தொவட்டு.”

இனியா போனைக் கோழிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் துண்டெடுக்க உள்ளே ஓடினாள். ஓடியிருக்க வேண்டியவன் நான். ஓடவில்லை. என் மனைவி என் கண் முன்னால் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, அசையாமல் நின்று ஒவ்வொரு சிலிர்ப்பாக எண்ணினேன். ஏழு வரட்டும், ஏழு வந்துவிட்டால் போதும் என்று நின்றேன். மூன்று. நான்கு. ஐந்து வந்தபோது இனியா துண்டோடு வந்து அம்மாவை முழுவதுமாகப் போர்த்தி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு எண்ணத் தெரியவில்லை.